வலது பூட்ஸின் நுனி

நெட்டா கௌர்லிக்கு வலது பூட்ஸின் நுனி மட்டும் சீக்கிரம் தேய்ந்துவிடும். இடது பூட்ஸ் கடையில் வாங்கிய மெருகு குலையாமல் இருக்கும்போதே வலதின் மூக்கு தோலுரிந்து நூல் தெரியும். எட்டு வருஷத்தில் மூன்று ஜோடி மாற்றியாயிற்று. அவள் கணவன் சாண்டி ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எதையும் ஆராயாமல் விடமாட்டான். ஆராய்ச்சியை மட்டும் நாற்காலியை விட்டு எழாமலே நடத்துவான். மனைவிக்கு வயதாகிறது, நடக்கும்போது வலது காலை இழுக்கிறாள் என்பது அவன் முடிவு. நெட்டா அதை மறுக்கவில்லை. மறுத்தால் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கும்.

உண்மை என்னவென்றால், கார்பி மலையின் தலையில் டூகல் பெட்ரி அடுக்கி வைத்திருந்த கல்குவியல்களை அவள் ஞாயிறுதோறும் உதைத்துத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

எங்கள் பால்மர்னி, ஆக்கில் மலைத்தொடரின் காலடியில் இருக்கிற ஊர். கொல்லைக் கதவைத் திறந்தால் கார்பி. ஞாயிற்றுக்கிழமை ஊரில் பாதிப் பேர் தேவாலயத்துக்குப் போவார்கள், பாதிப் பேர் மலைக்குப் போவார்கள். இரண்டுக்கும் போகாதவர்கள் சாண்டியைப் போல ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு கூட்டத்தையும் குறை சொல்வார்கள். பனிக்காலத்தில் மலைக்கூட்டம் குறையும் என்று நினைத்தால் அது தப்பு. முழங்கால் வரை பனி விழுந்தால்தான் எங்கள் ஆட்களுக்கு மலைமேல் ஏதோ மறந்து வைத்துவிட்டு வந்த நினைப்பு வரும்.

நெட்டா பதினாறு வயதில் ஊர் ரொட்டிக்கடையில் நின்றாள். அறுபத்தொன்றிலும் அங்கேயேதான் நிற்கிறாள். காலை ஆறு மணிக்கு, மாவுக்கூட்டில் ஆட்டிறைச்சியை அடைத்துச் சுட்ட பை என்கிற பலகாரம் சூடாக வந்து இறங்கும். அதைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பதும், வருகிறவர்களின் கதையைக் கேட்பதும் வேலை. வாரம் முழுக்க நாலடி அகலத்துக்குள் நிற்கிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை கால் அரிக்காதா? முப்பத்து நான்கு வயதில் முதல் முறையாகப் பனிக்காலத்தில் தனியே மலையேறினாள், நதிக்கு அந்தப் பக்கத்து மலை ஒன்றில். மூடுபனி இறங்கியது. எதிரே ஒரு கல்குவியல் தெரிந்தது, அதைத் தாண்டி இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. வழிகாட்டத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நம்பிப் போனாள். கடைசிக் குவியல் செங்குத்தான பாறையின் விளிம்பில் நின்றது. எவனோ ஒருவன் காற்றுக்கு மறைவாக உட்கார்ந்து ரொட்டி தின்பதற்காக அடுக்கியது அது. அந்த விளிம்பில் நான்கு மணி நேரம் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், இறங்கி வந்த மறுநாள் நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்து, திசைகாட்டி பார்க்கப் படித்துக்கொண்டாள்.

அதோடு விட்டாளா? மதம் மாறியவர்களுக்கு இருக்கிற வேகம் அவளுக்கும் வந்தது. பால்மர்னி மலைநடைக் கழகத்தில் சேர்ந்து, நவம்பர் தோறும் தேவாலயத்துக் கூடத்தில் திசைகாட்டி வகுப்பு எடுத்தாள். வகுப்பு எப்போதும் ஒரே வாசகத்தில்தான் ஆரம்பிக்கும். "மூக்கு பொய் சொல்லும், காலு பொய் சொல்லும், காத்தும் பொய் சொல்லும். காம்பஸ் சொல்லாது." அடுக்கி வைத்த கல்லைப் பற்றியும் அவளிடம் ஒரு வாசகம் இருந்தது. கல்லை வைத்தவன் மனுஷன், வடக்கை வைத்தவன் மனுஷன் இல்லை என்பாள்.

டூகல் பெட்ரி அவளோடு ஒன்றாம் வகுப்பு படித்தவர். முப்பத்தோரு வருஷம் பால்மர்னிக்கும் ஸ்டர்லிங்குக்கும் நடுவே பஸ் ஓட்டினார். ஒரு நாள் தாமதமில்லை, ஒரு நாள் பாதை மாறியதில்லை. அவர் ஓய்வு பெற்ற வருஷம், மலையுச்சியில் கிழக்கு நோக்கி ஓடிய பழைய கம்பிவேலியை எஸ்டேட்காரர்கள் பிடுங்கிவிட்டார்கள். வேலி போனதும் உச்சி மொட்டையாகிவிட்டது. உச்சிக்கும், ஊருக்கு இறங்குகிற பாதையின் தலைப்புக்கும் நடுவே எதுவுமில்லாத வெளி. தென்பக்கம் இரண்டு பெரிய பள்ளங்கள் வாயைத் திறந்துகொண்டிருக்கும். டூகல் ஒரு கோடை முழுக்கக் கல் சுமந்து, அந்த வெளியில் ஏழு குவியல்கள் அடுக்கினார். ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் சரியாக நூறு தப்படி. ஒவ்வொன்றிலும் ஒரு நீளக்கல்லைத் துருத்திக்கொண்டு நிற்கும்படி வைத்தார். அது அடுத்த குவியல் இருக்கும் திசையைக் காட்டும். போகிறவர்கள் வருகிறவர்கள் ஆளுக்கொரு கல் வைத்துவிட்டுப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். குவியல்கள் இடுப்புயரம் வளர்ந்தன.

நெட்டா உதைக்க ஆரம்பித்தாள். ஒரே நாளில் ஏழையும் அல்ல. ஒரு வாரம் இரண்டும் ஐந்தும், அடுத்த வாரம் ஆறு. டூகல் புதன்கிழமை போய் எழுப்புவார், இவள் ஞாயிற்றுக்கிழமை போய்ச் சாய்ப்பாள். எட்டு வருஷம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தினமும் காலை ஏழரைக்கு டூகல் ரொட்டிக்கடைக்கு வருவார். ஒரு பை வாங்குவார், கடை மேசையின் ஓரத்தில் முழங்கையை ஊன்றிக்கொண்டு அந்த வாரத்து அநியாயத்தைச் சொல்லுவார். நெட்டா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பாள். சில சமயம் மனசு கேட்காமல், ஓரம் நன்றாக முறுகிய பையாகப் பார்த்து எடுத்துக் கொடுப்பாள். அந்தக் கால் மணி நேரம் இல்லாவிட்டால் அவளுக்குப் பொழுது விடிந்த மாதிரியே இருக்காது. முதலில் டூகல் காற்றைச் சந்தேகப்பட்டார். பிறகு ஆடுகளைச் சந்தேகப்பட்டார். ஜனவரியில் ஆடெல்லாம் கீழ் வயலில் இருக்கும்போதும் கல் சாய்ந்தது. உடனே பக்கத்து ஊர் டன்க்ரைக் கழகத்தார்மேல் பழி போயிற்று. அவர்களுக்கு எங்கள் மலை அவர்கள் மலையைவிட ஐம்பது அடி அதிக உயரம் என்பதில் எப்போதும் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு.

கழகத் தலைவர் ஃபெர்கஸ் டல்லக், ஊரின் பல் வைத்தியர். விஷயத்தை வேரோடு பிடுங்கிவிட வேண்டும் என்று விசாரணைக்கு ஒருவரை நியமித்தார். ஞாயிறு தவறாமல் மேலே போகிற ஒரே ஆள் யார்? நெட்டா கௌர்லி. மூன்று வருஷமாக அவள் மாதக் கூட்டத்தில் எழுந்து அறிக்கை வாசித்தாள். 'இம்மாதம் நான்கும் ஐந்தும் சாய்க்கப்பட்டுள்ளன. சந்தேகத்துக்குரிய எவரும் என் கண்ணில் படவில்லை.' இதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. மலைமேல் கண்ணாடி ஏது?

இப்படியே போயிருந்தால் இரண்டு பேரும் எண்பது வயது வரை அடுக்கியும் உதைத்தும் ஆரோக்கியமாக இருந்திருப்பார்கள். புத்தாண்டு நடைதான் கெடுத்தது. ஜனவரி இரண்டாம் தேதி கழகத்தார் மொத்தப் பேரும் கார்பி ஏறுவது வழக்கம். முந்தின இரண்டு நாள் குடித்ததற்கு அது பிராயச்சித்தம். அந்த வருஷம் நடையை நடத்தும் முறை நெட்டாவுக்கு வந்தது. இருபத்து மூன்று பேரும் திசைகாட்டியை மட்டும் வைத்து உச்சியைக் கடக்க வேண்டும் என்றாள். டூகல் எழுந்து, வயதானவர்கள் வருகிறார்கள், குவியல்கள் இருக்கட்டும் என்றார். ஃபெர்கஸ் பல் வைத்தியருக்கே உரிய சமாதானம் ஒன்றைச் சொன்னார்: குவியல்கள் இருக்கும், ஆனால் யாரும் அவற்றைப் பார்க்கக் கூடாது. நெட்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டிசம்பர் முப்பது, ஞாயிற்றுக்கிழமை. ஏழையும் ஒரேயடியாகத் தரைமட்டமாக்கிவிடுவது என்று கிளம்பினாள்.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில், 'கார்பி. மூன்று மணிக்குள் வருவேன்' என்று சீட்டு ஒட்டினாள். மேல்சட்டையின் மார்புப் பையில் திசைகாட்டியைப் போட்டாள். அதே பையில் அவளுடைய புது போனும் இருந்தது. அபர்தீனில் இருக்கிற மகள் மோரென் கிறிஸ்துமஸுக்குக் கொடுத்தது. மூடியை விட்டால் டப்பென்று தானே ஒட்டிக்கொள்ளும் தோல் உறை. ஐந்து நாளாக இரண்டும் அந்தப் பையில்தான் ஒன்றாகக் குடியிருந்தன.

வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. பனிமேல் பொறுக்கு கட்டி, ஒவ்வொரு அடிக்கும் நொறுங்கியது. பூட்ஸில் இரும்புப் பற்களை மாட்டிக்கொண்டு பாதையின் தலைப்புக்கு ஏறினாள். டூகலின் எண்ணிக்கை உச்சியிலிருந்து தொடங்குவதால், முதலில் எதிர்ப்பட்டது ஏழாவது குவியல். கற்கள் ஒன்றோடொன்று உறைந்து இறுகியிருந்தன. உதைத்தால் போதவில்லை, பனிக்கோடாரியால் நெம்பி நெம்பிச் சாய்த்தாள். ஆறு, ஐந்து, நான்கு. வியர்த்துக் கொட்டியது. மூன்றாவது ஒரே பாறையாக உறைந்துபோயிருந்தது. உதைத்த உதையில் கட்டைவிரலின் வலி காது வரைக்கும் வந்தது. இரண்டும் ஒன்றும் அதே கதையாகத்தான் இருக்கும், திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

உச்சிக் குவியலை மட்டும் அவள் தொடுவதில்லை. இதுதான் உச்சி என்பதற்கு மேல் அது யாருக்கும் எதுவும் கட்டளையிடுவதில்லை என்பது அவள் கணக்கு. காற்று கிழக்கிலிருந்து வந்ததால் மேற்கே மறைவாக உட்கார்ந்து பிளாஸ்கைத் திறந்தாள், பை ஒன்றைத் தின்றாள். மேகமும் கிழக்கிலிருந்துதான் வந்தது. முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவளுக்குத் தெரியவில்லை. எழுந்தபோது வானமும் இல்லை, தரையும் இல்லை. சுண்ணாம்பு வாளிக்குள் தலையை விட்டதுபோல எல்லாப் பக்கமும் ஒரே வெள்ளை. சிறு பனி மணல் மாதிரி பறந்தது.

நெட்டா கொஞ்சமும் பதறவில்லை. இந்த நாளுக்காகத்தானே இருபத்தேழு வருஷமாக வகுப்பு எடுக்கிறாள்? திசைகாட்டியை எடுத்தாள், கிழக்கே திருப்பினாள், தப்படியை எண்ணிக்கொண்டு நடந்தாள். திரும்பும் வழியில் முகத்தில் அறைய வேண்டிய காற்று முதுகைச் செல்லமாகத் தள்ளியது. மூக்கு, தப்பு என்றது. முதுகும் அதையே சொன்னது. காற்று உச்சியில் சுழலும் என்று அவற்றுக்குப் பதில் சொல்லிவிட்டு நடந்தாள். நூறாவது தப்படியில் முதல் குவியல் வரவில்லை. பக்கத்தில் தாண்டி வந்திருப்போம், அதனால் என்ன, திசைகாட்டி இருக்கிறதே என்று கொஞ்சம் சந்தோஷம்கூடப் பட்டாள். நூற்று இருபதாவது தப்படியில் கோடாரியின் காம்பை முன்னால் ஊன்றினாள். அது எதையும் தொடவில்லை. அவளுக்கு ஒரு முழம் முன்னால் பனி மெத்தென்று ஒரு சத்தத்தோடு பிளந்து கீழே போயிற்று. விழுந்த சத்தம் வெகு நேரம் கழித்து வந்தது.

மேற்கு விளிம்பு. காற்று சேர்த்துச் சேர்த்து வெளியே நீட்டிவைத்த பனித் தாழ்வாரத்தின்மேல் நின்றுகொண்டிருந்தாள். வயிற்றால் ஊர்ந்து பின்னால் வந்தாள்.

யாரையாவது கூப்பிடலாம் என்று போனை எடுத்தாள். சிக்னல் இல்லை. ஆனால் போனைத் திசைகாட்டியின் பக்கத்தில் கொண்டுபோனபோது, முள் துள்ளித் திரும்பி, உறையின் மூடியைப் பார்த்துக்கொண்டு நின்றது. நெட்டாவுக்குப் புரிந்துவிட்டது. மூடியில் இருப்பது காந்தம். ஐந்து நாள் அந்தக் காந்தத்தோடு ஒட்டி இருந்ததில் முள்ளின் குணமே தலைகீழாகிவிட்டது. தெற்கைக் காட்டி வடக்கு என்று சாதித்திருக்கிறது. அவளுக்குப் பயமாக இருந்தது. ஆனால் உள்ளதைச் சொன்னால், பயத்தைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது.

பாதி தூர்ந்துபோன தன் காலடிகளைத் தடவித் தடவி உச்சிக்குத் திரும்பினாள். முள்ளின் மறுமுனையை வடக்காக வைத்துக்கொண்டு நடந்தால் கிழக்கு வரவேண்டும். முழுக்கத் தலைகீழா, அரைகுறையாகக் கெட்டிருக்கிறதா? அதை யார் சொல்வது? ஒரே ஒரு சாட்சிதான் இருந்தது. "முதல் குவியல் நிக்கணும்," என்று வாய்விட்டுச் சொன்னாள். "டூகல், அது நிக்கணும்யா."

நூறு தப்படியில் அது நின்றது. நீளக்கல்லும் முள்ளின் மறுமுனைக் கணக்கும் ஒரே கிழக்கைச் சொல்லின. எட்டு வருஷத்தில் அந்தக் கல்லை அவள் பூட்ஸால் அல்லாமல் கையால் தொட்டது அன்றைக்குத்தான். இரண்டாவதும் நின்றது. மூன்றாவதின் மறைவில், மலையேறுகிறவர்கள் ஆபத்துக்கென்று வைத்திருக்கிற ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் பைக்குள் கழுத்து வரை நுழைந்துகொண்டு ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். அவர் புருவமெல்லாம் பனி.

"நாலாவது இல்ல, நெட்டா," என்றார் டூகல். வேறு விசாரிப்பு எதுவும் கிடையாது.

புத்தாண்டு நடைக்கு முன்னால் குவியல்களைச் சரிபார்க்க வந்திருக்கிறார். காலை பஸ்ஸில் மலையின் வடபக்கம் போய் இறங்கி, கல்சுவரைப் பிடித்துக்கொண்டு உச்சிக்கு ஏறியிருக்கிறார். அவர் உச்சியைத் தாண்டிய நேரம் நெட்டா மேற்கு விளிம்பில் குப்புறக் கிடந்த நேரமாக இருக்க வேண்டும். மூன்றாவது வரை வந்தவர், நூறு தப்படி போய்ப் பார்த்தால் நான்காவது இல்லை. தன் தடத்திலேயே திரும்பி வந்து மறுபடி போயிருக்கிறார். மூன்று தடவை. மூன்றாம் தடவை ஒரு கால் வெற்று வெளியில் இறங்கிவிட்டது. அதோடு உட்கார்ந்துவிட்டார்.

"நிறுத்தமே இல்லாம பஸ்ஸ எங்க கொண்டுபோய் விடறது?" என்றார்.

"காம்பஸ் இல்லியா உங்கிட்ட?"

டூகல் உள்பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். கடையில் சுற்றிக் கொடுத்த தாள்கூட முழுக்கப் பிரியவில்லை. "இருக்கு. பாக்கத்தான் தெரியாது," என்றார். "உன் கிளாஸுக்கு ஆறு வருஷம் வந்தேன். கடைசி வரிசைல உக்காந்து தலையாட்டிட்டுப் போனேன். அந்த நம்பரப் பாத்தாலே எனக்குத் தலை சுத்தும். அதுக்குத்தான் கல்லு. யார்கிட்டயும் சொல்லிராத, தாயே."

நெட்டா அதை வாங்கினாள். இரண்டு திசைகாட்டிகளையும் அருகருகே பிடித்தாள். இரண்டு முள்ளும் சண்டை போட்டுக்கொண்ட தம்பதி மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்தன.

"எது சரி?" என்று கேட்டார் டூகல்.

"உன்னோடது."

நான்காவது அங்கே இல்லையே, போய் என்ன செய்ய என்று அவர் தயங்கினார். இடம் இருக்கும், வா என்றாள் நெட்டா. மூன்றாவதிலிருந்து வெளி லேசாக வளையும். அந்த வளைவு எத்தனை என்பது அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். நூறு தப்படி எண்ணி, கோடாரியைப் பனிக்குள் இறக்கினாள். கல்லில் பட்டது. டூகல் மண்டியிட்டுப் பனியைத் தள்ளி ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்தார். முப்பத்தோரு வருஷம் சாலையைப் பார்த்தே ஓட்டியவருக்கு எதுவும் தப்பாது.

"இன்னிக்கு உதைச்சது. அடில ஐஸே கட்டல பாரு," என்றார்.

டூகல் கல்லை எடுத்துக் கல்மேல் வைக்க ஆரம்பித்தார். மணி இரண்டரை, வெளிச்சம் போய்விடும் என்று அவள் கத்திப் பார்த்தாள். பின்னால் யாராவது வந்தால் என்ன செய்வார்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார். நெட்டாவும் குனிந்து அடுக்கினாள். கையுறை நனைந்து விறைத்தது. காலையில் பத்து நிமிஷத்தில் சாய்த்ததை எழுப்ப இருபது நிமிஷம் ஆயிற்று. ஐந்தாவதிலும் அதே. ஆறாவதிலும் அதே. ஒவ்வொன்றையும் தேடாமல் நேரே போய்க் கோடாரியை ஊன்றினாள். எப்படித்தான் இவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது என்று டூகல் வாயைப் பிளந்தார்.

"எட்டு வருஷமாப் பாக்கறேனில்ல," என்றாள்.

ஏழாவதில் கடைசிக் கல்லை வைத்தபோது, சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தாள். அதற்குள் டூகல் பேசிவிட்டார்.

"அவன் மட்டும் என் கைல கெடைக்கட்டும். அடிக்க மாட்டேன், நெட்டா. அந்த மூணாவதுகிட்ட ஒரு மணி நேரம் உக்கார வெச்சுட்டு வந்துருவேன். அது போதும்."

நெட்டா வாயை மூடிக்கொண்டாள். கீழே வந்து சேர்ந்தபோது நாலரை. சாண்டி நாற்காலியிலிருந்து எழுந்து வாசலில் நின்றான். அவனுக்கு அது பெரிய காரியம். அவள் பூட்ஸைக் கழற்றியதும் வலதின் நுனியைப் பார்த்தான்.

ஜனவரி இரண்டாம் தேதி பனிப்புயல். நடையை ரத்து செய்து, பிற்பகல் தேவாலயத்துக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். டூகல் எழுந்து நடந்ததைச் சொன்னார். திசைகாட்டி பார்க்கத் தெரியாத கதையை மட்டும் விட்டுவிட்டு, மற்றதைக் கொஞ்சம் கூட்டியே சொன்னார். கண்ணைக் கட்டிவிட்டாலும் நெட்டா அந்த ஏழையும் கண்டுபிடிப்பாள் என்றார். கைதட்டல். ஃபெர்கஸ் உடனே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: குவியல்களுக்கு இனிமேல் 'நெட்டாவின் ஏழு' என்று பெயர், நான்காவதில் கற்பலகை ஒன்று பதிக்கப்படும். மறுபடி கைதட்டல்.

நெட்டா எழுந்தாள்.

"உதைச்சது நான்தான்," என்றாள். "எட்டு வருஷமா நான்தான் உதைச்சுட்டு இருக்கேன்."

முதலில் ஃபெர்கஸ் சிரித்தார், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். எவ்வளவு பெரிய மனசு, டன்க்ரைக் ஆட்களோடு சண்டை வரக்கூடாது என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறாள் என்றார் ஒருவர். நெட்டா வலது காலைத் தூக்கிப் பூட்ஸைக் காட்டினாள். சிரிப்பு இரண்டு மடங்காயிற்று. "சிரிக்காதீங்க. டூகல் ஏன் அங்க உக்காந்திருந்தார்னு தெரியுமா?" என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்தினாள். அது அவளுடைய ரகசியம் இல்லை. கூடத்தில் சிரிக்காதவர் ஒரே ஆள். அவர் அவளுடைய பூட்ஸின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். நெட்டா உட்கார்ந்துவிட்டாள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

மறுநாள் ஏழரைக்கு டூகல் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஜனவரி போயிற்று, பிப்ரவரி போயிற்று. தினமும் ஓரம் முறுகிய பை ஒன்றை நெட்டா தனியே எடுத்துவைப்பாள். எட்டு மணிக்கு அதை வேறு யாருக்காவது கட்டிக் கொடுப்பாள். அவர் ஸ்டர்லிங்கிலிருந்து ரொட்டி வாங்கி வருகிறார் என்று கேள்விப்பட்டாள். அது அவளுக்கு அழுகையாக வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மலைக்குப் போனாள். குவியல்கள் ஏழும் அப்படியே நின்றன. அடுக்க யாரும் வந்த அடையாளமும் இல்லை. நெட்டாவின் வலது பூட்ஸ் அதற்குமேல் தேயவில்லை. பிசியோதெரபி எதுவும் இல்லாமலே அவள் கால் சரியாகிவிட்டது என்று சாண்டி ஆராய்ந்து சொன்னான்.

மார்ச் முதல் வாரம் கற்பலகையைப் பதித்தார்கள். நெட்டா அதன் பக்கத்தில் நின்று புகைப்படத்துக்குச் சிரித்தாள். அதற்கு அடுத்த நாள் காலை ஏழரைக்குக் கடைக்கதவின் மணி ஒலித்தது. டூகல் வந்து நின்றார். மேசையின் ஓரத்தில் முழங்கையை ஊன்றவில்லை. ஒரு பை என்றார். நெட்டா எடுத்து, தாளில் வைத்து, மடித்தாள். நாற்பத்தைந்து வருஷம் பொட்டலம் கட்டிய கைக்கு அன்றைக்கு மடிப்பு படியவில்லை.

"நெட்டா," என்றார் டூகல். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வது மாதிரிதான் சொன்னார். "அடுத்த தடவ உதைக்கறதா இருந்தா, முந்தின நாளே ஒரு வார்த்த சொல்லிரு. அன்னிக்கு நான் வீட்லயே இருந்துக்கறேன்."

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போனார். பத்தடி போனவர் நின்று, பிரித்துப் பார்த்தார். ஓரம் முறுகிய பைதான். அங்கேயே நின்று தின்ன ஆரம்பித்தார். நெட்டா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, அவர் கடைசித் துண்டை வாயில் போடுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.